குருசாமியின் கையெழுத்தும் என் சிவப்புப் பேனாவும்

போன வியாழக்கிழமை ஓர் அம்மாள் எனக்கு நன்றி சொன்னார். நானும் "இருக்கட்டும்மா" என்று பெரிய மனுஷன் போல ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் நானே தேவைக்கு அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வூதியர் சங்கத்தில் வாரம் இரண்டு நாள் உட்காருகிறேன். எந்தப் படிவம், எத்தனை நகல், யாரிடம் சான்றொப்பம்... எல்லாம் விரல் நுனியில். என்னைக் கேட்காமல் யாரும் கவுண்டர் பக்கம் போவதில்லை. அப்படி ஒரு பெயர். அப்படி ஒரு திமிர்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ராஜபாளையத்திலிருந்து குருசாமி வந்தார். பேண்டேஜ் துணி ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் அவருடைய செக்கைத் திருப்பிவிட்டார்களாம்.

"என் கையெழுத்துதான் சார். கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு."

படியேறும்போது தள்ளாடினார். ஒரு கால் செருப்பு படியிலேயே கழன்று விழுந்தது. அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன ஃபோர்மேன், காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன். சங்கத்தில் நல்ல சிரிப்பு. அவரும் சிரித்தார்.

"அந்தப் பழக்கமே கெடையாது சார். கால்ல பஞ்சைக் கட்டிக்கிட்டு நடக்க மாதிரி இருக்கு. சுகர் பாத்தாச்சு, இல்லைன்னுட்டாங்க. நரம்புக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கேன்... பேசாம கைரேகை வச்சுக்கிடலாமா சார்?"

வைக்கலாம். விதியில் இடம் உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் சாட்சிகளை வைத்துக்கொண்டு பெருவிரல் ரேகை வைக்கலாம். பத்து நிமிட வேலை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் சொன்னது என்ன?

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின ஆளு கைநாட்டு வைக்கப் போறீங்களாக்கும்? ஒரு நோட்டு வாங்குங்க. தினம் பத்துக் கையெழுத்து. மேல தேதி போடணும். பழகினா தன்னால வரும்."

மனிதர் எழுதினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து நோட்டைக் காட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன்! பேரன் பேத்தி எடுத்த மனிதரின் கையெழுத்துக்குத் தப்புக் குறி போட்டேன். ஓரத்தில் 'கவனம் போதாது' என்று குறிப்பு வேறு. ஒரு பக்கத்தில் 'கோழி கிளறியது போல' என்றுகூட எழுதியிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் காட்டினேன்.

ஐந்து மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு அவர் வரவில்லை. சோம்பல் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனதும், அவர் மனைவி அவரை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். பையில் அந்த நோட்டு இருந்திருக்கிறது. வியாழக்கிழமை சங்கத்துக்கு வந்தவர் இந்த அம்மாள்தான்.

"டாக்டரு அந்த நோட்டைத்தான் செத்த நேரம் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு அண்ணாச்சி. மாசா மாசம் கை எப்படிக் கொறையுதுன்னு தேதியோட இருக்கே, யாரும்மா எழுதச் சொன்னதுன்னாரு. எங்க ட்ரஷரி அண்ணாச்சின்னு சொன்னேன். அதைப் பாத்துட்டுத்தான் ரத்தத்தை வேற மாதிரி டெஸ்ட்டுக்கு அனுப்புனாரு. அவிய பொழச்சா அது உங்களாலதான்."

குருசாமிக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோயில் மிக அரிதான ஒரு வகை. பெயர் வாயில் நுழையவில்லை. ரத்தத்தில் ஒரு வகை அணு கட்டுப்பாடில்லாமல் பெருகி, ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்குமாம். அந்தப் புரதம் நரம்பின் மேலுறையில் ஒட்டி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துவிடும். ஒயருக்கு மேலே ரப்பர் போன மாதிரி. முதலில் பாதம் மரக்கும், நடை தள்ளாடும், அப்புறம் கை நடுங்கும். கை நடுங்குகிறவர்கள் எல்லோரும் பயந்துவிட வேண்டாம், இது அபூர்வம். ஆனால் சுகர் இல்லை என்ற பிறகும் கால் மரத்துக்கொண்டே போனால், ஏன் என்று டாக்டரைக் குடைந்து கேளுங்கள்.

டிரிப்ஸில் மருந்து ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். இனி மோசமாகாமல் நிறுத்தலாமாம். போன கை திரும்புமா? அதற்கு மட்டும் டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"நாலஞ்சு மாசம் முந்தி வந்திருந்தா நல்லதுன்னாரு அண்ணாச்சி" என்றார் அந்த அம்மாள்.

அந்த ஐந்து மாதம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் இருக்கிறது.

சனிக்கிழமை ரேகைப் படிவத்தை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். குருசாமி நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே காபி போடப் போனதும் சொன்னேன்.

"குருசாமி... நான் நல்ல எண்ணத்துல எழுதச் சொல்லல. கேலியாத்தான்..."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா எழுதுனீங்க?"

"உங்களைப் பகைச்சுக்கிட்டா பொறவு பேங்க்ல எனக்காக யாரு பேசுவா?" என்றவர், அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மட்டும் சொல்லிராதீய சார். டாக்டருக்கு அடுத்தபடியா உங்களைத்தான் நம்பிக்கிட்டிருக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மன்னியுங்கள், குருசாமி. உங்கள் மனைவி இந்தப் பக்கத்தை வாராவாரம் விடாமல் வாசிப்பவர் என்று எனக்குத் தெரியும்.