கெண்டைப் பித்தம்

தாம்பரம் மார்க்கெட்டில் மீனை விட்டுவிட்டு மீனின் பித்தப்பையை மட்டும் கேட்டு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் அப்போது நான் ஆய்வு மாணவி. பித்த அமிலத்துக்குக் கொழுப்பைக் கரைக்க மட்டுமல்ல, தகவல் சொல்லவும் தெரியும் என்பது அந்த வருடங்களில் புதுச் சங்கதி. குடல் செல்லில் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. பித்த அமிலம் போய் அதில் ஒட்டினால், 'போதும், சுரப்பதைக் குறை' என்று கல்லீரலுக்குத் தகவல் போகும். தகவல் தடுமாறினால் வயிறு கெடும். ஏரிக் கெண்டையின் பித்தம் அந்த ஏற்பியை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

மீன்கார அக்கா பித்தப்பையை உடையாமல் நகத்தால் கிள்ளி எடுப்பார். எங்கள் லேபில் யாருக்கும் அந்தக் கை வராது. "இத்த வச்சி இன்னா பண்ணுவே?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு அடக்கம் கொஞ்சம் கம்மி. "வயித்தால போறதுக்கு இதுலதான்க்கா மருந்தே இருக்கு" என்று அளந்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த வாரம் பெரிய கெண்டையின் பித்தப்பை மட்டும் ஒரு இலைத்துண்டில் தனியாக இருந்தது.

"அது எங்க வூட்டுக்காரருக்கு. பித்தப்பைய ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்கல்ல, அதுலேந்து வெளிக்குப் போய்கினே கீறாரு. இல்லாதத்த உள்ள அனுப்பிட்டா சரியாப்பூடும். நாளைக்கு வெறும் வயித்துல முழுங்கச் சொல்லிகீறேன்."

கெண்டைப் பித்தத்தை விழுங்கினால் சிறுநீரகம் போய்விடும், உயிரே போகலாம். சொன்னேன். பித்தப்பைகளைப் போட்டு எடுத்துப்போக நான் கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டியை அக்கா பார்த்தார்.

"உனக்கு வேணும்னா கேளு. ஒண்ணே ஒண்ணுக்காக இப்டியா பயமுறுத்துவே?"

ஏற்பியிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்குப் பித்தம் இல்லாமல் இல்லை, சேர்த்து வைக்கப் பை இல்லாததால் ஓயாமல் ஒழுகிக் குடலைக் கலக்குகிறது என்றேன். உள்ளங்கையில் பேனாவால் படம் வரைந்தும் காட்டினேன். அவர் அடுத்த ஆளுக்குச் சங்கரா மீன் நிறுக்க ஆரம்பித்துவிட்டார். என் வாயால் ஒரு மனுஷன் சாகப்போகிறான் என்று புரிந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன். மருந்தெல்லாம் இன்னும் கண்டுபிடிக்கல. எனக்கே ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் நிமிர்ந்தார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" இலையோடு எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். மறுநாள் புருஷனை டாக்டரிடம் அழைத்துப் போனார். பித்தத்தைப் பிடித்து வைக்கிற பொடி ஒன்றைக் கொடுத்தார்களாம், அதில் வயிறு அடங்கியது.

அதன் பிறகும் எனக்குப் பித்தப்பை தவறாமல் கிடைத்தது. பெட்டியில் போடும்போதெல்லாம் சுற்றி நிற்பவர்களிடம் அக்கா சத்தமாகச் சொல்வார்: "இது மருந்து இல்ல, முழுங்கினா ஆளு காலி. இந்தப் பாப்பாவுக்கே இன்னும் ஒண்ணும் தெரியாது, படிச்சிகினு கீது."

நான் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று தலையாட்டினேன்.