பன்னிரண்டு நற்குணங்களும் ஒரு கழுதையும்

பேசாலைச் செலீனாவுக்குக் கலியாணமாகிப் பதினெட்டு மாதம். அதில் அவளும் புருசன் வலன்ரைனும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது இருபத்திரண்டு நாட்கள். மீதிக் காலத்தை வலன்ரைன் ஒரு குளிர்நாட்டு மீன் தொழிற்சாலையிலும், செலீனா மன்னார் பஸாரில் ஒரு வலைக்கடையின் மேல்மாடியிலும் கழித்தார்கள். அங்கேதான் கனகரத்தினம் மாஸ்டரின் ஆங்கில வகுப்பு நடந்தது.

வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு புருசன் இருந்தான். அவனிடம் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்குத் தூதரகத்து நேர்முகம் வேண்டும். அந்த நேர்முகத்தில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்பது மாஸ்டரின் பல வருட ஆராய்ச்சியின் முடிவு: 'உன் புருசன் எப்படிப்பட்ட ஆள்?' அதற்காக அவர் ஆங்கில மொழி முழுவதையும் சலித்துப் பன்னிரண்டு சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழித்துவிட்டார். கைண்ட், ஹொனஸ்ட், பேஷண்ட், லோயல் என்று போகும் அந்த வரிசை.

"பேஷண்ட் எண்டால் ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கிற ஆள் அல்லோ மாஸ்டர்?" என்று முதல் நாளே செலீனா கேட்டுவிட்டாள்.

"அது வேற பேஷண்ட், பிள்ளை. இது பொறுமைசாலி."

"என்ர மனுசன் ரெண்டும் இல்லையே."

"உம்மட மனுசன் எப்பிடி எண்டு நான் கேக்கேல்ல. சொல்லைப் பாடமாக்கும்."

செலீனா பாடமாக்கினாள். ஆனால் ஒரு விஷயம் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இயேசுவின் அப்போஸ்தலர்களும் பன்னிரண்டு பேர்தான். அவர்களிலும் ஒருவன் காட்டிக்கொடுத்தவன். மாஸ்டரின் பன்னிரண்டில் தப்பித்தவறியும் ஒரு கெட்ட குணம் இல்லை.

செலீனாவின் நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அதே வகுப்பில் படித்து நேர்முகத்துக்குப் போய்வந்த சிலாவத்துறை உம்மு குல்சூம் கையில் ஒரு கடிதத்தோடு மாடியேறி வந்தாள். மாஸ்டர் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். இந்தக் கலியாணம் உண்மையானதென்று நம்ப முடியவில்லையாம். விசா இல்லையாம்.

"பன்னிரண்டையும் ஒண்டும் விடாமச் சொன்னனான் மாஸ்டர்," என்றாள் உம்மு குல்சூம். "வரிசைகூட மாறேல்ல. சண்டை பிடிச்சிருக்கிறியளோ எண்டு கேட்டாங்க. நீங்க சொல்லித்தந்த மாதிரி, நெவர் எண்டன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நெவரைப் பலமாச் சொன்னீரோ?"

"பலமாத்தான்."

"அதுதான் பிழை. ஆறுதலாச் சொல்லியிருக்க வேணும்."

விஞ்ஞானபூர்வமான இந்த விளக்கத்தில் வகுப்பு அமைதியடைந்தது. செலீனா மட்டும் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். அவளுக்கு வயது முப்பத்தேழு. விசாவை மறுத்தால், திரும்ப விண்ணப்பித்து, திரும்ப வரிசையில் நிற்க இரண்டு வருடம் போகும். பிள்ளை பெறும் வயது அந்த வரிசையில் அவளோடு நிற்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. தூதரகம் வலன்ரைனுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. இரண்டு பேரின் பதிலும் பொருந்த வேண்டும். மாஸ்டரின் கட்டளைப்படி செலீனா பன்னிரண்டு சொல்லும் எழுதிய தன் கொப்பியைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். "பாத்தன்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அவள் தொலைபேசியில் பிடித்தாள்.

"மாஸ்டர் சொன்ன மாதிரி எழுதினீங்களோ?"

"எழுத வேண்டியதை எழுதி அனுப்பிட்டன்."

"என்னத்தை?"

"பெண்சாதியோட கதைக்கப்படாதெண்டு பேப்பரில போட்டிருக்கு."

"அந்தப் பெண்சாதி நான்தானே!"

"அதாலதான்."

அதற்குமேல் அவனிடமிருந்து ஒரு எழுத்தும் பெயரவில்லை.

நேர்முகத்துக்கு முதல் நாள் காலை கொழும்பு பஸ் பஸாரைத் தாண்டுமுன்னரே நின்றது. நடு வீதியில் ஒரு கழுதை. மன்னார்க் கழுதைக்கு ஹோர்ன் சத்தம் என்பது காற்று வீசுவதைப்போல; கேட்கும், ஆனால் தன்னைப்பற்றியதென்று நினைக்காது. சாரதி ஹோர்ன் அடித்துக் களைத்து, பஸ்ஸை ஓரமாக வெட்டி எடுத்தார். செலீனா யன்னலால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதே இடந்தான். கலியாணத்தின் ஆறாம் நாள், மடுமாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகும் வழி. ஊரெல்லாம் கழுதையைச் சுற்றிக்கொண்டு போக, வலன்ரைன் மட்டும் மோட்டார்சைக்கிளை அதன் முகத்துக்கு நேரே நிறுத்தினான். "அது விலகட்டும்." வெயில் ஏறியது. நாற்பது நிமிடம். "இதில ரெண்டு கழுதை நிக்குது, எது முதல்ல விலகப்போகுது?" என்று அவள் கத்த, பஸாரே திரும்பிப் பார்த்தது. கடைசியில் நாலுகால் உள்ளதுதான் விலகியது. பூசை முடிந்துபோயிருந்தது. அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

தூதரகத்து அறையில் குளிரூட்டி உறுமியது. மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய கொழும்பு மொழிபெயர்ப்பாளர். மேசையில் ஒரு தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வலன்ரைனின் சாய்ந்த எழுத்து மறுபக்கத்தில் நிழலாகத் தெரிந்தது. எழுத்துத் தெரிந்ததே ஒழிய, சொல் தெரியவில்லை.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. செலீனா தொடங்கினாள். "கைண்ட். ஹொனஸ்ட். பேஷண்ட். லோயல்…"

அம்மா பேனையைக் கீழே வைத்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கினார்: "மன்னாரில் கெட்ட ஆண்களே இல்லையா என்று மேடம் கேட்கிறார். உங்கள் கணவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?"

ஒன்றுமில்லை என்று சொன்னால், உம்மு குல்சூமுக்கு வந்த கடிதம். உள்ளதைச் சொல்லி, வலன்ரைன் மாஸ்டரின் பன்னிரண்டையும் எழுதியிருந்தால், அப்போதும் அதே கடிதம். கவிழ்ந்த தாளை அவள் பார்த்தாள். இப்படி எழுது என்று ஒருவர் கட்டளை போட்டால் வலன்ரைன் எழுதுவானா? கட்டளையைக் கழுதையே கேட்டாலும் அவன் கேட்கமாட்டான்.

"அவர் ஒரு கழுதை," என்றாள் தமிழில். "மன்னார்க் கழுதை."

மொழிபெயர்ப்பாளர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். நல்ல குடும்பத்து மனிதர். ஒரு பெண் கட்டியவனைப் பற்றிச் சொன்னதை அப்படியே அந்நியருக்குச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கோத்தார். அந்தக் கோவையில் ஒரு சொல் செலீனாவின் காதில் முள்ளாகக் குத்தியது. பேஷண்ட்.

"நோ!" செலீனா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "நோ பேஷண்ட்! டொங்கி!"

அம்மாவின் புருவம் உயர்ந்தது. "டொங்கி?"

"யெஸ், மேடம். மன்னார் டொங்கி. ரோட் மிடில். ஹோர்ன், ஹோர்ன், ஹோர்ன். டொங்கி நோ மூவ். மை ஹஸ்பண்ட் நோ மூவ். ஃபோர்ட்டி மினிட்!"

அம்மா சிரிக்கவில்லை. தாளைத் தன் பக்கமாகத் திருப்பி, ஒருமுறை வாசித்தார். பிறகு விரல் வைத்து, இன்னொருமுறை. செலீனா மனதுக்குள் மாதாவின் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கிப் பாதியில் மறந்துபோனாள்.

அம்மா கேட்டதை மொழிபெயர்ப்பாளர் இம்முறை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்: "யார் முதலில் விலகியது?"

"டொங்கி," என்றாள் செலீனா.

அம்மா ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மாஸ்டரின் பன்னிரண்டில் இல்லாத ஒரு சொல்லை வலன்ரைன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். "ஸ்டபர்ன்," என்று அம்மா வாசித்துக் காட்டினார். பிடிவாதக்காரன். அதன் கீழே, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், பஸார், வெயில், பூசை, மூன்று நாள். கடைசி வரியில் கழுதை விலகிக்கொண்டிருந்தது.

ஆறு வாரத்தில் விசா வந்தது. கனகரத்தினம் மாஸ்டர் இந்த வெற்றியைத் தம்முடைய முறையின் வெற்றியாக ஏற்றுக்கொண்டு, மறுநாளே கரும்பலகையில் பதின்மூன்றாவது சொல்லை எழுதினார்: டொங்கி. ஏழு பெண்கள் அதை ஒரே குரலில் மூன்று முறை சொன்னார்கள்.

பயணம் சொல்ல வந்த செலீனாவை உம்மு குல்சூம் படிக்கட்டில் மறித்தாள். அவளுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டாகிவிட்டது.

"செலீனாக்கா, எங்கட மனுசன் கழுதை இல்லையே. சொன்ன சொல்லைக் கேக்கிற ஆள். நான் என்னத்தைச் சொல்ல?"

"அவர் எழுதுறதும் நீ சொல்லுறதும் ஒண்டா வரவேணும். மாஸ்டரை விடு. உன்ர மனுசனில உனக்கு எரிச்சல் வாறது எதால?"

உம்மு குல்சூம் கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது.

"தன்ட தட்டில சோறு இருக்கக்குள்ளயே என்ட தட்டில கை போட்டு மேய்வார்," என்றாள். "அக்கா, ஆட்டுக்கு இங்கிலிஷில என்ன?"