குளோரின் டீச்சர்

வடலூரில் நெய்வேலி பஸ்ஸின் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கினேன். ஷிப்டுக்குப் பிந்தினால் அன்றைய கான்ட்ராக்ட் வேலை போய்விடும்.

"இடமில்ல, எறங்குய்யா" என்றார் வாசலில் நின்ற கண்டக்டர்.

உள்ளே சாக்பீஸ் தூள் படிந்த புடவையோடு ஒரு டீச்சர். எங்கேயும் பாடம் நடத்துகிறவர் என்பது கண்டக்டரின் முகத்திலேயே தெரிந்தது.

"சோடியத்தைவிட குளோரின்ல எலக்ட்ரான் அதிகங்க. ஆனா அணு சின்னது. ஏன்?"

"ஆள வுடுங்க டீச்சர்."

"நடுவுல இருக்கிற கரு பலமா இழுக்குது. நீங்க வாசல்ல நின்னுகினு கத்துனா யாரு உள்ள வருவாங்க?"

கண்டக்டர் முணுமுணுத்தபடி நடுவே போய்க் கூப்பிட்டார். கூட்டம் உள்ளே சுருங்கியது. எனக்கு இரண்டு காலும் வைக்க இடம் கிடைத்தது; அன்றைய வேலையும் கிடைத்தது.

டீச்சர்தான் நசுங்கிப்போய், டிபன் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவதோடு நின்றவன் நான். குளோரின் எப்படியிருக்கும் என்று தெரியாது. நெரிசலில் சிரிக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.