நூற்று நாற்பத்திரண்டு பொட்டு

கங்காதரனிடம் வாய் தவறிக்கூடப் பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். மனிதர் தங்கமானவர்தான். நாற்பத்தொன்பது வயது, மேனாம்பேட்டில் சொந்த வீடு, மண்ணூர்பேட்டை எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். ஆனால் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், குடித்துக்கொண்டிருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். "பொம்மன்னா சாவி குட்த்தா ஆடும் நைனா. இது நீ கட்னாதான் நிக்கும். ரெண்டும் ஒண்ணா?"

அவர் சொல்வது, ஒன்றின்மேல் ஒன்று அழுத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகளை. பெட்டியில் கட்டைகள் இருக்கும், கட்டும் முறை போட்ட புத்தகம் இருக்கும், கூடவே கட்டைவிரல் உயரத்தில் நாலைந்து மனிதர்கள் இருப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் மகளுடைய பிறந்தநாளுக்கு ஒரு தீயணைப்பு வண்டி செட் வாங்கினார். மகள் ஒரு சாயங்காலம் கட்டினாள், கலைத்தாள், மறந்தாள். இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அப்பாதான் இன்னும் அதைவிட்டு எழுந்து வரவில்லை. அந்தக் குட்டி மனிதர்களை ஃபிகர் என்றுதான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சொல்வார்கள். "புச்சா ரெண்டு ஃபிகர் வந்துகீது மச்சான்" என்று இவர் ஒருநாள் போனில் சொல்லப்போக, மனைவி கலைவாணி கரண்டியும் கையுமாக ஹாலில் வந்து நின்றாள். அன்றிலிருந்து அவர் வாயில் 'ஆள்'தான்.

அந்த ஆட்களைப் பற்றி அவருக்கு இல்லாத அபிப்பிராயமே கிடையாது. சிறுபிள்ளை ஆளுக்குக் குட்டைக்காலை மடங்காமல் செய்துவைத்தவன்மேல் அவருக்கு அடங்காத கோபம். "பஸ்ல ஏறுச்சுன்னா கொயந்த உக்கார வேணாமா? நின்னுகினே வருமா?" சில ஆளுக்கு முன்பக்கம் சிரித்த முகமும் முடியைக் கழற்றித் திருப்பினால் கோபமுகமும் இருக்கும். அது அவருக்கு ஆகவே ஆகாது. ரெண்டு மூஞ்சிக்காரனைத்தான் எஸ்டேட்டில் தினம் பார்க்கிறேனே, காசு கொடுத்து வேறு வாங்கவேண்டுமா என்பார். சேலை கட்டிய ஆள் ஒன்றுகூட வராதது அடுத்த குறை. அதற்குச் சரிவான கட்டை ஒன்றைக் காலுக்குப் பதிலாக மாட்டி அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். போலிக் கட்டை வாங்கி வந்தவனை கம்பெனி வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து காட்டித் தலைகுனிய வைத்த கதையெல்லாம் தனி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொள்கை. கட்டையும் ஆளும் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். பெயிண்ட் ஆகாது, மார்க்கர் ஆகாது, பசை ஆகவே ஆகாது. இந்தப் பக்கத்துக் கட்டைப் பிரியர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தபோது, போட்டி விதிகளை எழுதியவர் சாட்சாத் இவர்தான். நாலாவது விதி: "வெளிப்பொருள் எதுவும் ஆளின்மேல் படக்கூடாது. பட்டால் போட்டியில் இடமில்லை." போன வருடம் விக்ரம் என்கிற பையன் ஓர் ஆளுக்குப் பேனாவால் மீசை வரைந்துவிட்டான். அந்த மீசைக்காக அவன் மூன்று மாதம் கட்டிய கோட்டையையே போட்டியிலிருந்து தூக்கிவிட்டார் கங்காதரன். கொஞ்சம்கூட இரக்கம் காட்டவில்லை.

இந்த வருடம் அவருடைய முறை என்று ஊரே பேசிக்கொண்டது. சங்கப் போட்டியில் முதலாவதாக வரும் ஒன்றே ஒன்றை டிசம்பரில் பெங்களூரில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அனுப்புவார்கள். ஆறு வருடமாக முட்டிமோதியும் அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தடவை பதினொரு மாதம் உட்கார்ந்து, காலை ஒன்பது மணி எஸ்டேட் பஸ் நிறுத்தத்தைக் கட்டியிருந்தார். ஒரு பஸ், ஒரு டீக்கடை, ஒரு பூக்கடை, நூற்று நாற்பத்திமூன்று ஆட்கள். ஒருவன் படிக்கட்டில் தொங்குகிறான், ஒருத்தி செருப்பு அறுந்து நிற்கிறாள், ஒருவன் டிபன் டப்பாவைத் தவறவிட்டுவிட்டுப் பஸ்ஸையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்க்கிறான். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். கலைவாணி மட்டும் பத்து வருடமாகச் சொல்வதையே சொன்னாள்: "ஆவாத வேல."

போட்டி விஜயதசமியன்று. முந்தைய நாள் ஆயுதபூஜை. காலையிலேயே கம்பெனிக்குப் போய், இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிப்பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸுமாக மூன்று மணிக்கு விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார் கங்காதரன். கதவைத் திறந்த கலைவாணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா, அங்க பூஜ முட்ச்சிதா? உள்ள போய்ப் பாரு. உன் ஆயுதத்துக்கும் போட்டாச்சு."

"எந்த ஆயுதம்?" என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்குள் நுழைந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பஸ் நிறுத்தம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். டிரைவருக்குப் பொட்டு, கண்டக்டருக்குப் பொட்டு, படிக்கட்டில் தொங்குகிறவனுக்குப் பொட்டு, டப்பாவைத் தவறவிட்டவனுக்கும் பொட்டு. பஸ்ஸின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம். நாலு சக்கரத்துக்கும் அடியில் பச்சையாக ஏதோ இருந்தது.

"எலுமிச்சம்பயம் வெச்சேன், பஸ்ஸு கவுந்துடும்போல இருந்திச்சு. அதான் சுண்டக்கா வெச்சிட்டேன்" என்றாள் கலைவாணி. "காத்தால உக்காந்தவ இப்பத்தான் எந்திரிச்சேன். ஊதுவத்திக் குச்சி மொனையால வெச்சது, மூச்சுகூட வுடல. போலீசுக்குத் தொப்பி மேல வெச்சிருக்கேன். நாகம்மா பூக்காரிக்கு மட்டும் கொஞ்சம் பெர்சு, அது அப்டித்தான வெச்சிக்கும்? பாய்க்கு வெக்கல. டீக்கடைல நிக்கிறது நம்ம ரசாக் பாய்தான?"

பதினொரு மாதம்! நாலாவது விதி! கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தார் கங்காதரன். ஆனால் அது ரசாக் பாய் என்று அவர் யாரிடமும் சொல்லவே இல்லையே, நாகம்மாள் என்றும் சொல்லவில்லையே, இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அதில் ஒரு பிடி பொரியைப் போட்டுக்கொண்டு மூடிவிட்டார்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள் அவள். பத்து வருடத்தில் முதல் தடவை.

சரி, அங்கே போய் இவளுக்குத் தெரியாமல் துடைத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் சேக்காட்டுக் கல்யாண மண்டபம். மேசையில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்ததும் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத்துக்குக் கண் பிதுங்கிவிட்டது. பட்டாபிராமில் ஐடி வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன், சாதாரணமாகவே பதறுவான். "ஏனுங்ணா! என்னங்ணா இது!"

"ஊட்ல பூஜ போட்டுட்டா" என்றார் கங்காதரன் ஈனக்குரலில்.

"ஒண்ணும் பிரச்சன இல்லைங்ணா. ஈர டிஷ்யூ இருக்குது. ஜட்ஜுங்க வர்றதுக்கு முக்கா மணி நேரம் ஆகும். தொடச்சுப்போட்டுறலாம், யாருக்குங்ணா தெரியப்போகுது?"

கலைவாணி அந்தக் கோடியில் யாரோ கட்டிய விமான நிலையத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காதரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்டக்டரை எடுத்தார். ஒரு இழுப்பு, பளிச்சென்று போய்விட்டது. புதுசாகப் பெட்டியிலிருந்து எடுத்த ஆள் கையில் இருந்தான். அடுத்து டிரைவர். துடைக்கப் போனவர் நிறுத்தினார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? நெற்றியை உற்றுப் பார்த்தார். மொத்த நெற்றியே நாலு மில்லிமீட்டர்தான். அதில் கீழே சந்தனம், அதன் நட்டநடுவில் கடுகில் பாதி அளவுக்குக் குங்குமம். கீழே வைத்துவிட்டு அடுத்தவனை எடுத்தார். நட்டநடு. அடுத்தவள். நட்டநடு. இருபது ஆள் பார்த்தார், முப்பது ஆள் பார்த்தார். வழியவில்லை, கோணவில்லை, கண்ணுக்குள் இறங்கவில்லை.

"ஸ்ரீநாத்து, இருவத்தாறு வருசமா சரக்கு செக் பண்றேன். நூத்துக்கு ரெண்டாவது ரிஜெக்ட் ஆவும். இதுல ஒண்ணுகூட இல்லடா!" அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அதையும் சிரிப்பில் சேர்த்துவிட்டார். "டிஷ்யூவ உள்ள வை. நாலாவது ரூலு இன்னாவோ அதான். என் பேர அட்ச்சிடு."

"அண்ணா, பெங்களூர்ணா! ஆறு வருசம்ங்ணா!"

"ஒரு மீசைக்கு ஒரு கோட்டையத் தூக்கனவன் நானு. நூத்தி நாப்பத்திரெண்டு பொட்டுக்கு இன்னா செய்யணும்? அடிடா."

அடித்தான். பெங்களூருக்கு விமான நிலையம் தேர்வானது. விக்ரம் ஓடிவந்து கங்காதரனைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் கூட்டம் இருந்ததென்னவோ பஸ் நிறுத்தத்தைச் சுற்றித்தான். நடுவில் கலைவாணி நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆள் ஆளாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். "இது ரசாக் பாய். இது நாகம்மா. இதோ, செருப்பு அறுந்துபோச்சே, நாந்தான். போன ஐப்பசில." அதையும் கண்டுபிடித்துவிட்டாள்! கங்காதரன் வெட்கத்தில் டீயை மேலே ஊற்றிக்கொண்டார்.

திடீரென்று அவள் குனிந்தாள். "ஐயே, இந்தக் கண்டக்டர மட்டும் எப்டி வுட்டேன்?" என்று மணிபர்ஸிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து, மோதிரவிரல் நகத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தாள். அவரும் கூடவே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். நட்டநடு.

மேடையில் கைதட்டல் கேட்டதும் நிமிர்ந்தாள். "இன்னாய்யா, பரிசு நமக்கு இல்லியா?"

"இல்ல கலா."

அவள் முகம் வாடிப்போனது. பஸ் நிறுத்தத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். அப்புறம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"வுடு. அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் பெர்சா வெச்சிடறேன்."

"வை" என்றார் கங்காதரன்.