துண்டு விழுந்தால் பேசும் கிளி

செத்துப்போனவள் குரலில் உங்கள் வீட்டுக் கிளி பேசினால் என்ன செய்வீர்கள்? கற்பூரம் ஏற்றுவீர்களா, அது சொல்லி முடிக்கும்வரை காது கொடுப்பீர்களா? ஜவ்வாது மலையில் ஓர் ஊரே கற்பூரம் ஏற்றியது. ஒரு பெண் மட்டும் காது கொடுத்தாள். அவள் பெயர் ரஞ்சிதம். போளூருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிட்ட ராஜாக்கண்ணுவின் இளைய மகள்.

அவளுடைய அக்கா பூங்கோதையை மலைமேல் புதூர்நாட்டில் கடுக்காயும் புளியும் வாங்கி விற்ற தசரதனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குரல். கிணற்றடியிலிருந்து கூப்பிடுவது யார் என்று பெற்றவளுக்கே தெரியாது. மலையில் பேச்சுத் துணை இல்லாத பூங்கோதை, மரப்பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சு ஒன்றுக்குச் சாமைக் கஞ்சி ஊட்டி வளர்த்தாள். ரஞ்சிதம் போயிருந்த சமயம் இருவருமாகத்தான் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கூண்டின் மேல் பழைய புடவைத் துணியைப் போர்த்துவார்கள். வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாமல் போனால் கிளி தலையைச் சாய்த்துக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பழகிவிட்டால் துணி விழுந்ததுமே ஒப்பிக்கும்; எடுத்தால் நிறுத்திவிடும். அது கற்ற முதல் பாடம், "ரஞ்சிதம், வந்தியா?"

"என் பேரத்தான் சொல்லணுமா? உன் வூட்டுக்காரர் பேரச் சொல்லிக் குடேன்" என்றாள் தங்கை.

"நானே சொல்லக் கூடாத பேரு. கிளி சொன்னா மட்டும் வுட்ருவாரா?" என்று சிரித்தாள் பூங்கோதை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசி மழையில், மலையிலிருந்து ஆள் இறங்கி வந்தது. பூங்கோதையை முனி அடித்துவிட்டதாம். ரத்தம் கக்கிப் போய்விட்டாளாம். முனி அடித்த உடம்பை வைத்திருக்கக் கூடாதென்று, பெற்றவர்கள் மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் புதைத்தும் விட்டார்கள்.

அதன் பிறகுதான் கிளி பேசியது. பனி இறங்கிய ஒரு மாலை, குளிருக்காகக் கூண்டின் மேல் துணியைப் போட்டாள் தசரதனின் தாய் கெங்கம்மாள். துணிக்குள்ளிருந்து மருமகள் கூப்பிட்டாள்: "ரஞ்சிதம், வந்தியா?" அடுத்து, மெதுவாக, "வேணாம் மாமா." கெங்கம்மாள் துணியைப் பிடுங்கி எறிந்தாள். கிளி வாயை மூடிக்கொண்டது. பிறகு வந்து பார்த்தவர்கள் முன்னிலையிலும் அப்படியே. அந்த இரண்டு பேச்சுக்கு மேல் கேட்க எவருக்கும் துணிச்சல் இல்லை.

ஊர்ப் பூசாரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆவி தங்கையைக் கேட்கிறதாம். வேறு பெண் வேண்டாம் என்று புருஷனிடம் சொல்கிறதாம். ரஞ்சிதத்தைத் தசரதனுக்குக் கட்டிவைத்தால் கிளிக்குள் இருப்பவள் அடங்கிவிடுவாளாம். மூத்தவள் போனால் இளையவளைக் கொடுப்பது வழக்கம்தானே என்று ராஜாக்கண்ணுவும் தாம்பூலம் மாற்ற மகளோடு மலையேறினார். உயிரோடு இருந்தவரை ஒரு பெண்ணின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத ஊர், அவள் செத்த பிறகு கேட்கிறேன் என்கிறது. கேட்பதோ தனக்கு வேண்டியதை.

நடுப்பகல். ஆனாலும் மூட்டம் வாசல்வரை வந்து நின்றது. தசரதனின் வீட்டுக்குள் கடுக்காய் மூட்டைகளின் நெடி. உத்தரத்தில் தொங்கிய கூண்டில் கிளி கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சிதத்தைப் பார்த்தும் ஒரு சத்தம் இல்லை.

"துணி போட்டாத்தான் பேசும்" என்றான் தசரதன். "நீ போடாத. உங்க அக்கா கோவமா கீறா."

"என் மேல அவளுக்கு இன்னா கோவம்?"

கம்பியில் சிவப்பு நூல் சிக்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அக்காவின் புடவை நூல் இல்லை. தசரதனின் தோளில் கிடந்த துண்டின் கரை சிவப்பு.

"உங்க துண்ட ஏன் மாமா கூண்டு மேல போட்டீங்க?"

கெங்கம்மாள் பெருமையோடு பதில் சொன்னாள். "அம்மன் கையில கீற பட்சி இல்லியா? வூட்ல சண்டைன்னா அது கண்ணுல படக் கூடாதுன்னு, துண்டப் போட்டு மூடிட்டுத்தான் எம்புள்ள பொண்டாட்டி மேல கை வைப்பான். அவ்ளோ பக்தி."

ரஞ்சிதம் தசரதனின் தோளிலிருந்து துண்டை உருவிக் கூண்டின் மேல் போட்டாள். போட்டவள் அதன் இரு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரஞ்சிதம், வந்தியா?"

தாம்பூலத்துக்கு வந்து கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"வேணாம் மாமா. கதவத் தொற மாமா."

"கத்தாதடி. வெளிய கேக்கும்." இது தசரதனின் குரல். தசரதன் உதடு மூடி நின்றிருந்தான்.

மூட்டை விழுவது போல ஒரு சத்தம். மறுபடி ஒன்று. மூச்சை உள்ளே இழுக்கும் நீண்ட விசும்பல். பிறகு கெங்கம்மாளின் குரல்: "போதும் வுடுடா. யாராச்சும் வந்துடப் போறாங்க."

கிளி மறுபடியும் தொடங்கியது. "வேணாம் மாமா." ரஞ்சிதத்துக்கு அது அக்காவின் குரலாகப் படவில்லை. அதே வீட்டில், அதே மாமாவிடம், தானே கெஞ்சுவது போல இருந்தது.

"கிளிதானேம்மா, எங்கியோ எதையோ ஒரு தரம் கேட்டிருக்கும்" என்றார் ராஜாக்கண்ணு. தாம்பூலத் தட்டை அவர் கீழே வைக்கவில்லை.

"ஒரு தரம் கேட்டத கிளி சொல்லாதுப்பா. என் பேரச் சொல்ல வெக்கறதுக்கே நானும் அக்காவும் தொண்ட வத்தக் கத்துனோம். இத எத்தினி தரம் கேட்டிருக்கும்? நான் கீழ போறேன். இத்த எடுத்துக்கினு போறேன்."

தட்டு மாறவில்லை. கூண்டு மலையிறங்கியது.

கிளியின் சாட்சியம் எந்தக் கச்சேரியிலும் செல்லாது. தசரதன் வெளியூர்களில் பெண் கேட்டான். எங்கே கேட்டாலும் அந்த ஊருக்கு ரஞ்சிதம் கூண்டோடு நடந்து போனாள். பெண் வீட்டு வாசலில் கூண்டை வைத்து, அதே துண்டைப் போர்த்திவிட்டுக் கிளியைப் பேசவிட்டாள். அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டாள். கிளிக்கு வேறு பேச்சுக் கற்றுக்கொடுக்கலாமே என்றவர்களிடம், "இத்தக் கேக்க வேண்டியவங்க இன்னும் கீறாங்க" என்பாள்.

முனியும் இல்லை, ஆவியும் இல்லை. தசரதன் வீட்டைச் சுற்றிலும் குடிசைகள் இருந்தன. ஒரு கிளி மனப்பாடம் செய்யும் அளவுக்கு எழுந்த சத்தம், அங்கே இருந்தவர்களுக்கும் கேட்டுத்தான் இருக்கும். யாராவது வந்துவிடுவார்கள் என்று கெங்கம்மாள் ஒவ்வொரு முறையும் பயந்தாள். ஒருமுறைகூட யாரும் போகவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தால், நீங்கள் எழுந்து போங்கள். கதவைத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.