பாதிரியார் அடித்த வரி

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்குக் காரியாபட்டியில் பஸ் ஏறினேன். விருதுநகரில் மாறினால் ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டிச் சிவகாசிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து இருக்கைக்காரர், கல்யாணப் பத்திரிகை அடிக்கவா போகிறீர்கள் என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு யார் மாப்பிள்ளை பார்ப்பது? புத்தகம் என்றேன். அத்தோடு அவர் ஆர்வம் தீர்ந்துவிட்டது.

ஸ்பெயினில் நர்சாக வேலை பார்த்தபோது கற்ற மொழி சும்மா கிடக்கவேண்டாமே என்று, மெக்சிகோவின் வடக்குப் பாலைவனத்துக்குப் போன ஸ்பானியப் பாதிரியார் ஒருவரின் கடிதங்களைத் தமிழாக்கியிருந்தேன். நாடு பிடிக்கப் போன படையின் பின்னால் சிலுவை போன காலம்; அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஒரு கடிதம் என்னை விடவில்லை. ஸ்பெயினில் ஓர் ஆவணக் காப்பகம் தந்த அதன் படத்தையும் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தேன்.

பத்து மணிக்கு அச்சகம். காலண்டர் சீசன், சாமி படக் கட்டுகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் செல்வி, முப்பது வயதிருக்கும், ஆசையாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள். கடிதம் புதுத் தாள் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. கறை இல்லை, பூச்சி அரித்த துளை இல்லை. பாதிரியார் எழுதிக் கோடு போட்டு அடித்திருந்த வரியும் இல்லை.

"ஒரு புள்ளி தெரிஞ்சாலும் ஆர்டர் திரும்பி வந்துரும்க்கா. அதான் தொடச்சு வச்சேன்" என்றாள்.

யாரைக் கேட்டுத் துடைத்தாய் என்று சத்தம் போட்டேன். முதலாளி வந்தார். அச்சுப் பிளேட் போட்டாயிற்று, மதியம் மெஷினில் ஏறுகிறது, நிறுத்தினால் அடுத்த முறை பொங்கலுக்குப் பிறகுதான் என்றார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் மாதா கோயிலில் வெளியீடு. ஆனால் அந்த வரி இல்லாமல் புத்தகம் வந்து என்ன, வராமல் என்ன?

அப்படி என்ன எழுதியிருந்தது என்று செல்வி கேட்டாள். சொன்னேன். மறுநாள் காலை பாதிரியார், வழிகாட்டி யாரும் இல்லாமல் அறியாத ஆற்றில் படகேற வேண்டும். அன்று மேலதிகாரிக்கு எழுதும்போது 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதி, தானே அதை அடித்துவிட்டு, இங்கே எல்லோரும் நலம் என்று தொடர்ந்திருக்கிறார்.

செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரவுக பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறாக. தெனமும் காலையில இந்த வரியத்தேன் அடிச்சுட்டுப் போறாக."

பிறகு அவளே முதலாளியிடம் போனாள். மற்ற பக்கங்கள் முதலில் ஓடட்டும், சாப்பிடப் போகாமல் பழைய படத்தையே வைத்து, இதற்கு மட்டும் புது பிளேட் போட்டுத் தருகிறேன் என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

மூன்று மணிக்கு அந்தப் பக்கம் மெஷினில் ஓடியது. கறை, துளை, அடித்த வரி எல்லாம் அப்படியே வந்ததைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மை சரியாகப் பிடிக்காத முதல் தாளைக் கழிவில் போடாமல் செல்வி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டுமாம். அவருக்குப் புரியும்படி அந்த வரியை மட்டும் ஓரத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.

"அக்கா, கோடு மட்டும் போட்டுறாதீக" என்றாள்.