நோரா மிஸ் சொன்னதைத் திருப்பிச் சொன்ன நாங்கள்

நோரா மிஸ் இறந்துவிட்டார்.

காலையில் அயர்லாந்திலிருந்து அவருடைய பேத்தி மெசேஜ் அனுப்பியிருந்தாள். நான் முன்பு இங்கே ஃபேஸ்புக்கில் போட்ட ஒன்றாம் வகுப்பு குரூப் போட்டோவைப் பார்த்து என்னைக் கண்டுபிடித்த பெண். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

தென்காசிச் சீமையின் ஒப்பற்ற பேரறிஞரும், உங்கள் எல்லோருக்கும் ஏகபோகச் சித்தப்பாவுமாகிய நான், எண்பத்தாறு வயதில் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மிஸ் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது சுதந்திரத்துக்கு முந்தின வருடம். வயது இருபது. அதற்கு முன் தன் ஊரில் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடப் பாடம் நடத்தியதில்லை. தமிழ்? ஓர் எழுத்து கிடையாது.

உயரமோ உயரம். பெரிய கோவில் கோபுரம் மொட்டையாக நின்ற காலம் அது. ஆகவே ஊரிலேயே உயரமான பொருள் நோரா மிஸ்தான். மேகம் அவர் தலையில் முட்டித்தான் எங்களுக்குச் சாரலே விழுந்தது.

எங்களுக்கு அதுவரை தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்று. வாத்தியார் வாய்ப்பாடு சொல்வார், நாங்கள் கூரை பறக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளைக்குப் பிரம்பு.

முதல் நாள் மிஸ், "சிட் டவுன்" என்றார். நின்றபடியே "சிட் டவுன்!" என்று முழங்கினோம்.

"நோ, நோ..."

"நோ, நோ!"

சிரித்துவிட்டார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம். அப்புறம் தினமும் காதருகே கையைக் குவிப்பார், இன்னும் சத்தமாக என்று. எங்கள் சத்தம் செங்கோட்டை தாண்டி மலையாளக் கரை வரை போய் அங்கே தேங்காய் விழுந்தது.

பள்ளிக்கூட மேனேஜருக்குப் பூரிப்பு. தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்துவார். "பாத்தீயளா அண்ணாச்சி, நம்ம பிள்ளைய வெள்ளக்காரனாட்டம் பேசுதுவ!"

ஆனிச் சாரலில் எங்களை மாட்டுவண்டியில் குற்றாலம் சிற்றருவிக்குக் கூட்டிப்போனார் மிஸ்.

குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீரின் நிறம் மாறியது. சருகும் செம்மண்ணுமாக... மிஸ் கரையிலிருந்து கத்தினார். "கம் அவுட்!"

நாங்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டே, "கம் அவுட்!"

அவர் இன்னும் சத்தமாக. நாங்களும் இன்னும் சத்தமாக. அவர் அழுதுகொண்டே கத்தியது ஏதோ புதுப் பாடம் என்று நினைத்தோம்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர்தான் பாறையிலிருந்து அலறினார். "ஏலே, வெள்ளம் வருதுலே! மேல ஏறுங்கலே!"

ஏறினோம். செண்பகம் ஏறவில்லை. எங்களில் சின்னவள், சத்தத்தில் பெரியவள்.

மிஸ் கவுனோடு குதித்து அவளைப் பிடித்துவிட்டார். ஆனால் அதற்குள் பாறையில் மோதிக் கால் நொறுங்கியிருந்தது. அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை.

மறுநாள் செண்பகத்தின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. அதுதான் மோசம்.

"நீங்க குதிச்சு எடுத்தீக, அதுக்குக் கும்புடுதேன் தாயி. ஆனா நீங்க சொல்லுதது எம்பிள்ளைக்கு வெளங்கவே இல்லியே... இம்புட்டு நாளா என்னத்தப் படிச்சா?"

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. மிஸ் கேட்கவும் இல்லை.

செண்பகத்தின் அப்பா போன பிறகு மிஸ் எங்களைப் பார்த்து மெதுவாக, "ஃபயர்... ரன்" என்றார்.

"ஃபயர்! ரன்!" என்றோம். ஒரு பிள்ளை அசையவில்லை. சிரித்த முகத்தோடு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம்.

மிஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்று அவர் எதைச் சோதித்துப் பார்த்தார் என்பது, இந்தப் பேரறிஞருக்கு ஹைஸ்கூல் போன பிறகுதான் உறைத்தது.

வீட்டில் அம்மா சட்டம் போட்டாள். "இனிமே அந்தம்மா சொல்லுததத் திருப்பிச் சொன்னேன்னு காதுல விழுந்துது, வாயில சூடு போட்டுருவேன்லே." எல்லா வீட்டிலும் அதே சட்டம்.

அந்த மாதமே மிஸ்ஸை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தென்காசி ஸ்டேஷனில் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

ரயில் ஜன்னலிலிருந்து மிஸ், "குட் பை, சில்ட்ரன்" என்றார்.

வாயை இறுக மூடிக்கொண்டு நின்றோம்.

காதருகே கையைக் குவித்தார்... ரயில் நகர்ந்தது. கை அப்படியே இருந்தது. கண்ணுக்கு எட்டுகிற வரை அப்படியே இருந்தது.

நான் சொல்கிற எதையும் நீங்கள் பாதியாகக் குறைத்துத்தான் நம்புவீர்கள். இதைக் குறைக்க வேண்டாம்.

அதன் பிறகு அவர் எந்தப் பிள்ளைக்கும் பாடம் எடுக்கவே இல்லையாம். பேத்தி எழுதியிருக்கிறாள்.

கடையத்துக்குப் போன் போட்டு செண்பகத்திடம் சொன்னேன்.

"ஸ்டேஷனுக்கு என்னைய மட்டும் கூட்டிட்டுப் போகலியேலே... கால்ல கட்டுன்னு. நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"ஒங்கய்யா வாயில சூடு போட்டிருப்பாரு ஏட்டி."

"போட்டாப் போடட்டும். நீ அதுல என்னமோ எழுதுவேல்லா? ரெண்டு மட்டம் எழுதுலே. எனக்கும் சேத்து."

குட் பை, மிஸ்.

குட் பை, மிஸ்.